பதினொரு மாதம், பதினொரு கையெழுத்து

ஜூலை 6

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வாரம் வந்த சளியும் தானாகப் போய்விட்டது. உன் இருமல் நின்றதா? அம்மா எப்படி இருக்கிறாள்? இப்போதாவது விடிந்த பிறகு எழுந்திருக்கிறாளா? இருபது வருடமாக இருட்டோடு எழுந்து ஊரார் கட்டடங்களின் தரையைத் துடைத்தது போதும். எனக்கு வேலை கிடைத்த அன்றே துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டதாக எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். மறுபடி எடுக்காமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டக் கல்வி அலுவலகம் எனக்கு இன்னும் பழகவில்லை. இரண்டாம் மாடியில் நீளமான ஓர் அறை, பதினான்கு மேசைகள். எனக்கு ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு சிறு குற்றம் வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நியமன உத்தரவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதனால் நான் வாயைத் திறப்பதே இல்லை. தபால்களுக்கு முத்திரை குத்துகிற அக்கா நேற்று எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏம்மா, உன் வாய்க்கு லீவு எப்ப முடியுது?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல்.

என் மேசைக்குக் கீழே ஒரு காகிதக் கட்டு இருந்தது. கால் வைத்துக்கொள்ள வசதியாக இருந்ததால் மூன்று மாதமாக அது என்ன என்று பார்க்கவில்லை. போன வாரம் கயிறு அறுந்துவிட்டது. உள்ளே எல்லாம் ஒரே சிறு புத்தகம்: மாணவர் இதழ்ச் சட்டம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நடத்தும் பத்திரிகைக்காக மூன்று வருடம் முன்பு வந்ததாம். பள்ளிகளுக்கு அனுப்ப அச்சடித்து, அனுப்ப மறந்திருக்கிறார்கள். நீ இந்த வருடம் பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியை ஆகிவிட்டாய் அல்லவா, உனக்கு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். படிக்காவிட்டாலும் அட்டை நன்றாக இருக்கிறது.

அம்மாவிடம் நான் வேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

இருமல் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா சுகம். சீக்கிரமே முழிப்பு வந்துவிடுகிறது அவளுக்கு. பழக்க தோஷம், என்ன செய்ய.

இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டில் ஒரே அறை, ஒரே போன், அடுத்த வீட்டுச் சுவருக்கும் காது உண்டு. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இதழை நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது இது. போன மாதம் ஆறாம் வகுப்பில் ஒரே வாரத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரவில்லை. எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாம் என்று மாடிக்குப் போனோம். மாடிக் கதவுப் பூட்டு துருவேறி ஒட்டிப் போயிருந்தது, அதைப் படம் எடுத்து வைத்தோம். காவலாளியிடம் கேட்டால், “சாவி தொலைஞ்சு ஒரு வருஷம் ஆகுதே, உங்களுக்கு எதுக்கு?” என்றார். ஆனால் அதே கதவுக்குப் பக்கத்தில் கயிற்றில் ஒரு பதிவேடு தொங்குகிறது. ‘தொட்டி சுத்தம் செய்யப்பட்டது’ என்று மாதாமாதம் தேதி, கீழே கையெழுத்து. சுத்தம் செய்யும் பெண்கள் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பள்ளியின் ஆட்கள் இல்லை, ஒப்பந்தக்காரர் அனுப்புகிறவர்கள். நாங்கள் வருவதற்கு முன்பே வந்து போய்விடுவார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஈரமான தரைதான், முகம் தெரியாது.

அந்த மூவரில் ஒருவர் சொன்னார்: மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் பதிவேட்டை நீட்டி, “போடும்மா” என்பாராம். இவர்கள் போடுவார்களாம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. நான் வைத்த தலைப்பு: ‘பதினொரு மாதம், பதினொரு கையெழுத்து, சாவி மட்டும் இல்லை.’

அச்சுக்குப் போகும் முன்பே தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

“யார் சொன்னது?”

“சொல்ல முடியாது மேடம்.”

“நான் கேக்கறேன். சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்?”

“சொல்ல முடியாதுன்னுதான் மேடம் அர்த்தம்.”

அன்றைக்கு முழுவதும் வராந்தாவில் நின்றேன். “பேரைச் சொல்ற வரைக்கும் பத்திரிகையும் இல்ல, நீ ஆசிரியரும் இல்ல” என்று சொல்லிவிட்டார். எங்களுக்குப் பொறுப்பான கணக்கு டீச்சரையும் கூப்பிட்டு, பேரைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னாராம். டீச்சருக்குத் தெரியும். யாருடைய வார்த்தையை எழுதினாலும் அதை அவருக்கே படித்துக் காட்டி, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது டீச்சரின் விதி. பெயர் போடாதவர்களும் அதில் போட வேண்டும். “விடை மட்டும் போதாது, வழிமுறையும் காட்டணும்” என்பார். அந்த நோட்டு அவர் இழுப்பறையில் பூட்டி இருக்கிறது.

நீ அனுப்பிய புத்தகம் வராந்தாவில் நின்ற மறுநாள் வந்தது. அதில் இருப்பதெல்லாம் நிஜமா, இல்லை அட்டை மட்டும்தானா?

உன்
வாயாடி


ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தில் இருப்பது நிஜம். நான்கு முறை படித்துவிட்டேன். மூன்றாம் பிரிவைப் பார். ஒருவரைப் பற்றிப் பொய்யாக எழுதினால் நிறுத்தலாம், அந்தரங்கத்தை வெளியிட்டால் நிறுத்தலாம், கலவரம் மூட்டினால் நிறுத்தலாம். வேறு எதற்கும் நிறுத்த முடியாது. அதையும் ஏழு பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒன்பதாம் பிரிவு: செய்தி சொன்னது யார் என்று சொல்லும்படி எவரும் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பதினோராம் பிரிவு: உங்களைத் தடுக்க மறுத்ததற்காகப் பொறுப்பாசிரியரைத் தண்டிக்கக் கூடாது.

நீ செய்ய வேண்டியது: முதலில் தலைமையாசிரியையிடம் காரணத்தை எழுத்தில் கேள். மரியாதையாகக் கேள், சண்டை போடாதே. பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு, மாணவர் இதழ்ப் பிரிவு என்று எழுதி ஒரு மனு அனுப்பு. அந்தப் பிரிவு எங்கள் அறையில்தான் இருக்கிறது. ஒரே மேசை. அங்கே உட்காருகிற ஆளை எனக்குத் தெரியும். கெட்ட ஆள் இல்லை, கொஞ்சம் பயந்த சுபாவம். என் பெயரை எங்கும் எழுதாதே. சொந்தக்காரர்களின் கோப்பு இருக்கும் இடத்தில் நாங்கள் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

மனுவோடு அந்த நோட்டையும் அனுப்பிவிடு. இங்கே வந்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்: அலுவலகத்தில் காகிதம்தான் பேசும்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். பயந்துவிடுவாள்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் விரலெல்லாம் கொஞ்சம் வெடித்திருக்கிறது, துணி துவைக்கிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல.

காரணத்தை எழுத்தில் கேட்டேன். ஆறாம் நாள் கொடுத்தார்கள். இரண்டே வரி: ‘செய்தி பொய். பதிவேட்டின்படி தொட்டி மாதந்தோறும் சுத்தம் செய்யப்பட்டுள்ளது.’ மனுவை அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இதற்கிடையில் நடந்ததைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை பூட்டை உடைத்து, ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியை எங்களை மாடிக்குக் கூட்டிப் போய் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. “எங்க, அழுக்கைக் காட்டு பாப்போம்” என்றார். என்னோடு எழுதுகிற தடிக் கண்ணாடிக்காரி மெதுவாக, “போன வாரம் காட்டியிருப்போம் மேடம்” என்றாள். அவளும் வராந்தாவில் நின்றாள்.

கணக்கு டீச்சரிடமிருந்து எங்கள் வகுப்பை எடுத்துவிட்டு, மணி அடிக்கும் நேரத்தைக் குறிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். “பரவால்ல, நேரமும் கணக்குதானே” என்று சிரிக்கிறார். அவர் சிரிப்பதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் அந்த மூன்று பெண்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம். யார் சொன்னது என்று தெரிந்தால் வேலை போவது மட்டும் இல்லை, சுத்தம் செய்யாமல் செய்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னவர் மேலேயே புகார் கொடுப்பார்களாம்.

அதனால் நோட்டை அனுப்ப முடியாது. கேட்காதே.

வாயாடி


ஆகஸ்ட் 16

தங்கைக்கு,

இங்கே நலம். அம்மாவின் விரலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். சோப்பை மாற்றச் சொல்.

மனு வந்து சேர்ந்தது. விசாரணை இங்கே, செப்டம்பர் 27. தலைமையாசிரியையும் வருவார். தொட்டியைக் கழுவிவிட்டார்கள், பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது. உன் கையில் என்ன இருக்கிறது, சொல்? துருப்பிடித்த ஒரு பூட்டின் புகைப்படம். நோட்டு இல்லாமல் போனால் ‘செய்தி பொய்’ என்று எழுதி மூடிவிடுவார்கள். உன் பள்ளிச் சான்றிதழிலும் அது ஏறும். கல்லூரி வாசல் வரைக்கும் நான் எப்படிப் போனேன் என்று உனக்குத் தெரியும். நீ அதைத் தொலைக்கக் கூடாது.

சின்னப் பெண் மாதிரி அடம்பிடிக்காதே. பிரிவில் இருக்கிற ஆள் தன்னால் ஆனதைச் செய்வார்.

அக்கா


ஆகஸ்ட் 31

அக்கா,

சுகமா என்று கேட்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

உங்கள் அலுவலகத்திலிருந்து கணக்கு டீச்சருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ‘மாணவர்களுக்கு உதவும் பொருட்டு, மேற்படி நோட்டை உடனே அனுப்பி வைக்கவும்.’ கீழே பெரிய கையெழுத்து, முத்திரை. பாவம், டீச்சர் உதவிக்குத்தான் கேட்கிறார்கள் என்று நம்பிவிட்டார். நான் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. அதற்குள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உனக்குத் தெரிந்த அந்தப் பயந்த சுபாவ ஆள்தானே இதை எழுதினார்? ஒன்பதாம் பிரிவில் ‘எவரும்’ என்று போட்டிருக்கிறது. தலைமையாசிரியை மட்டும் என்று போடவில்லை. சொந்த மேசையில் இருக்கிற புத்தகத்தைப் படிக்கத் தெரியாத அந்த மகாராசன் யார்? அவரிடம் நான் கேட்டதாகக் கேள்: ஒரு பெண்ணின் பிழைப்பைத் தபாலில் வரவழைத்துப் பார்க்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். கோப்பில் சேர்ந்த எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, விசாரணைக்கு முன்பு இரண்டு தரப்புக்கும் கொடுப்பார்களாம். அப்படியென்றால் தலைமையாசிரியைக்கும் போகும்.

முப்பத்தொன்றாம் பக்கத்தை யாரும் பார்க்கக் கூடாது அக்கா. நீயும் பார்க்கக் கூடாது. எப்படியாவது நிறுத்து.

வாயாடி


செப்டம்பர் 6

அக்கா,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி போடு.


செப்டம்பர் 10

என் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதக் கை வரவில்லை.

அந்த மகாராசன் நான்தான்.

மாணவர் இதழ்ப் பிரிவு என்பது என் மேசை. கட்டு என் காலடியில் கிடந்ததற்கு வேறு என்ன காரணம் என்று நினைத்தாய்? உன்னிடம் சொன்னால் நீ சந்தோஷத்தில் யாரிடமாவது உளறிவிடுவாய் என்று பயந்தேன். நீ நோட்டை அனுப்ப மாட்டாய் என்றதும், உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நானே ஒரு கடிதம் எழுதி, சூப்பிரண்டு சாரிடம் மற்ற காகிதங்களோடு நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நோட்டு வந்தது. முத்திரை அக்கா எண் போட்டுக் கோப்பில் கட்டினார். எண் விழுந்த காகிதத்தை யாரும் எடுக்க முடியாது.

நீ பார்க்காதே என்று எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அம்மாவின் பெயர். அம்மாவின் கையெழுத்து. அவள் பேனாவை அழுத்துகிற அழுத்தில் அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழுந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன்.

அவள் வேலையை விடவே இல்லையா? ஜூலையிலேயே கேட்டேன் உன்னை, அம்மா விடிந்த பிறகு எழுந்திருக்கிறாளா என்று. விரல் வெடித்தது சோப்பினாலா? உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

நகல்கள் எட்டாம் தேதி போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஏழாம் தேதி மத்தியானம் வரைக்கும் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அறையில் யாரும் இல்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழித்தால் உன் டீச்சர்தான் கிழித்து அனுப்பினார் என்பார்கள். மூடிவிட்டு சூப்பிரண்டு சார் அறைக்குப் போனேன்.

“சார், ஒண்ணு சொல்லணும்.”

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு யாரோ பேசிய மாதிரி.

“அந்தப் பள்ளிக்கூடப் பத்திரிகை ஃபைல் சார். அதை நடத்துற பொண்ணு என் தங்கச்சி. முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. நோட்டைக் கேட்டு லெட்டர் எழுதினதும் நான்தான். அதைக் கேக்க நமக்கே அதிகாரம் இல்ல சார். ஒன்பதாம் பிரிவு.”

“அதுல கையெழுத்து நான்ல போட்டிருக்கேன்?”

“படிக்காம போட்டீங்க சார்.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார்.

“நோட்டைப் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“யாரு அந்தப் பொம்பள?”

“சொல்ல மாட்டேன் சார்.”

“நான் உன் மேலதிகாரி. ஃபைல் என்னோடது.”

“தெரியும் சார். சொல்ல மாட்டேன்.”

சட்டப் புத்தகத்தை அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஒன்பதாம் பிரிவை இரண்டு முறை படித்தார். பிறகு முத்திரை அக்காவைக் கூப்பிட்டு, நோட்டை உறையில் போட்டு அரக்கு வைக்கச் சொன்னார். ‘தவறாகக் கோரப்பட்டது, நகல் எடுக்காமல் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று தன் கையாலேயே எழுதினார். நோட்டு டீச்சருக்கு வந்துகொண்டிருக்கிறது. நகல் யாருக்கும் போகவில்லை.

கோப்பு வேறு மேசைக்குப் போய்விட்டது. என்னைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். முத்திரை அக்கா படியில் கூடவே வந்து, “லீவு முடிஞ்ச அன்னிக்கே இவ்ளோ பேசிட்டியேம்மா” என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் இனி நோட்டு நமக்கும் உதவாது. நீ எழுதியது நிஜம் என்று காட்ட ஒன்றும் இல்லை. இந்தச் சட்டம் உன்னைக் காக்கும், டீச்சரைக் காக்கும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. கீழ்த்தளத்தில் இலவசச் சட்ட உதவிக்கு ஒரு வக்கீலம்மா உட்காருகிறார். தெரிந்தவர் ஒருவருக்கு என்று கேட்டேன். “ஒருத்தி மட்டும் மாட்டினா அவ தலைலதான் விடியும். மூணு பேரும் சேர்ந்து தானா வந்து, எங்களைப் போட வெச்சாங்கன்னு சொன்னா, அப்ப கேள்வி வேற ஆள் பக்கம் திரும்பும்” என்றார். அதெல்லாம் நமக்கு வேண்டாம். அம்மா வெளியே தெரியாமல் இருந்தால் போதும்.

அக்கா


செப்டம்பர் 16

அக்கா,

நோட்டு வந்துவிட்டது, அரக்கு உடையாமல். டீச்சர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகாராசன் என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. மகாராணி என்று எழுதியிருக்க வேண்டும்.

அம்மா வேலையை விடவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். ஜூன் மாதம் ஒருநாள் நான் வயிற்றுவலிப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது, கையில் இருந்த தம்ளரை வைத்துவிட்டு, “அந்தத் தண்ணியா?” என்றாள். அப்படித்தான் தெரிந்தது. சொந்த அம்மாவின் வார்த்தையைப் பெயர் போடாமல் எழுதுவது சரியா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. டீச்சருக்குப் பெயர் தெரியும், அது என் அம்மா என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. அது என் தப்பு.

நேற்று மூன்று பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யார் என்று தெரியாததால் மூன்று பேரையும். மற்ற இருவரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். குட்டையாக இருப்பவர், “எவ வாயைத் திறந்தாளோ, அவ நாக்கு அழுகிப் போக” என்றார். மூத்தவர், “பிள்ளைங்க குடிக்கிற தண்ணியாச்சேடி, திறந்தவ நல்லாயிருக்கட்டும்” என்றார். அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினாள்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடட்டுமா? இதழ் வராவிட்டால் போகட்டும். நான் எழுதியது பொய் என்று எழுதிக்கொள்ளட்டும். நீயே சொல்.

உன் வேலை நிலைக்குமா? அதைப் பற்றி ஒரு வரியும் காணோம்.

வாயாடி


செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கீழ்த்தளம் குளிர்ச்சியாக இருக்கிறது. என் வேலையைப் பற்றி நீ யோசிக்காதே. ஒரு குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள், பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடு. நான் அலுவலகத்து ஆளாக இதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அக்காவாகச் சொல்கிறேன். நீ பொய் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், அது போதும். விசாரணையில் தலைமையாசிரியை அந்த மூன்று பெண்களில் யார் என்று கேட்பார், பதிவேட்டைக் காட்டுவார். வேண்டாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுதி அனுப்பு.

அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 23

அக்கா, இது அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு.

பெரியவளே,

நான் நல்லாயிருக்கேன். களிம்பு போட்டு விரல் ஆறிடுச்சு. நீ வேளைக்குச் சாப்பிடறதா சொல்றதை நான் நம்பல.

நேத்து உன் கடுதாசியைப் படிச்சிட்டு சின்னவ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னடின்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னா. எல்லாத்தையும் எடுத்து முதல்லேருந்து படின்னேன். பாதியில சிரிச்சேன், பாதியில உங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு அறையணும் போல இருந்துச்சு. ‘அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.’ சொன்னதே நான்தானேடி! எனக்குத் தெரியாம என்ன இருக்கு அதுல?

வேலைக்குப் போறதை உன்கிட்ட மறைச்சது தப்பு. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல. சும்மா உக்காந்திருக்கவும் எனக்குத் தெரியல. அதைப் பத்தி நேர்ல சண்டை போடு, இப்ப இல்ல.

பேரைப் போடாதேன்னு சொன்னது பயத்துல. வேலை போயிடும்னு பயம். இப்ப போயிடுச்சு. எனக்குப் போனா சரி, நான் பேசினேன். பேசாத ரெண்டு பேருக்கும்ல போயிடுச்சு? நீங்க ரெண்டு பேரும் சட்டம் படிச்சு, அரக்கு வெச்சு, என்னை நல்லாத்தான் ஒளிச்சு வெச்சீங்க. ஒளிஞ்சுக்கறியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

இன்னிக்குக் காலைல அவங்க ரெண்டு பேர்கிட்டயும் போய், வாயைத் திறந்தவ நான்தான்னு சொன்னேன். குட்டை திட்டினா பாரு, தெருவே வெளிய வந்து நின்னுச்சு. திட்டி முடிச்சு மூச்சு வாங்கிட்டு, “அந்தப் புஸ்தகத்துல நான் அஞ்சு போட்டிருக்கேன், நீ எத்தனை?”ன்னா. நான் நாலு. எங்கள்ல மூத்த பெரியம்மா ரெண்டு. சரியா இருக்குன்னு மூணு பேரும் உக்காந்து தண்ணி குடிச்சோம்.

வக்கீலம்மா சொன்னதை நீதான் எழுதியிருக்க, மூணு பேரும் சேர்ந்து வந்தா வேறன்னு. எழுதிட்டு நீயே வேண்டாம்ங்கற. மனுவை யாரும் திரும்ப வாங்கப் போறதில்ல. இருபத்தேழாம் தேதி நாங்க வரோம். யாரு நீட்டினான், யாரு பேனா, அந்தக் கதவு திறந்து நாங்க பாத்ததே இல்லன்னு அந்த மேடம் முன்னாடியே சொல்றோம். பயமாத்தான் இருக்கு. பெரியம்மா இருபத்தேழு வரைக்கும் தூக்கமே வராதுங்கறா. ஆனா வரேன்னுட்டா.

காலைல முதல் பஸ். சின்னவளும் டீச்சரும் கூட வராங்க. பெரியம்மாவுக்கு பஸ்ல வாந்தி வரும், நடுவுல இறங்கி ஏறணும், முன்னப் பின்ன ஆனா பதறாத.

நீ ஆபீஸ் வாசல்லயே நில்லு. என்னைப் பாத்ததும் தெரியாத மாதிரி நிக்காத.

அம்மா